எந்தப் பலகையை வாங்குவது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

சிலம்பையும் குறளையும் பற்றிய சொற்பொழிவுகளைக் கேட்டுப் பழகிய இம்மேடையில், உள்ளங்கை அகலமுள்ள ஒரு மின்பலகையைப் பற்றிப் பேச ஒருவனை எழுப்பியிருப்பது உங்களுக்குப் புதுமையாகத் தோன்றக்கூடும். நான் பொறியியல் பட்டம் பெற்றவன் அல்லன். பள்ளி இறுதி வகுப்போடு நின்று, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தவன். பணி முடிந்த மாலை வேளைகளில் சில ஆண்டுகளாக இத்துறையைப் பயின்று வருகிறேன். நம் காலனிப் பிள்ளைகள் சிலரும் என்னோடு சேர்ந்து பயில்கின்றனர். அந்த உரிமை ஒன்றைத்தான் துணையாகக் கொண்டு இங்கே நிற்கிறேன்.

ஆண்டுதோறும் பூஜை போனஸ் கைக்கு வரும் மாதத்தில், பெற்றோர் சிலர் என் வீட்டுக் கதவைத் தட்டுகின்றனர். "அண்ணா, எங்கள் பெண் லினக்ஸ் படிக்க ஏதோ போர்டு வேண்டும் என்கிறாள். எதை வாங்கித் தரலாம்?" என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி. கேள்வி சிறியதுதான். ஆனால் அதன் பின்னே ஒரு குடும்பத்தின் பணமும் ஒரு பிள்ளையின் ஆர்வமும் நிற்கின்றன. பணம் வீணானால் அடுத்த போனஸில் ஈடு செய்துகொள்ளலாம். ஆர்வம் ஒரு முறை முறிந்து போனால், அதை ஈடு செய்ய எந்தச் சம்பளக் கமிஷனாலும் இயலாது. ஆகவே அக்கேள்விக்குரிய விடையை இன்று சபையிலேயே கூறிவிடலாம் என்று எண்ணுகிறேன்.

முதலில் எம்பெடட் லினக்ஸ் என்பது யாது என்று தாய்மார்களுக்கும் விளங்கும்படி கூறுகிறேன். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர், கணிப்பொறியின் உறுப்புக்களை ஆண்டு நடத்தும் கெர்னல் என்ற அடிப்படை நிரலை எழுதி வெளியிட்டார். பின்னர் உலகெங்கிலுமுள்ள ஆயிரக்கணக்கானோர் அதை வளர்த்தனர். அதுவே லினக்ஸ். உங்கள் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உள்ளே ஓடுவது லினக்ஸ் கெர்னலே. வீட்டிலுள்ள வைஃபை பெட்டிகள் பலவற்றிலும், தொலைக்காட்சிப் பெட்டிகள் பலவற்றிலும் அதுவே ஓடுகிறது. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் செவ்வாய்க் கிரகத்தில் பறந்த இன்ஜென்யூயிட்டி என்னும் சிறு ஹெலிகாப்டரிலும் லினக்ஸ்தான் இயங்கியது. இவ்வாறு ஒரு கருவியின் உள்ளே பதிந்திருந்து, அக்கருவிக்குரிய வேலையைச் செய்யும் லினக்ஸையே எம்பெடட் லினக்ஸ் என்கின்றனர்.

இதைக் கற்பதற்கு உதவுவது ஒற்றைப் பலகைக் கணிப்பொறி. செயலி, நினைவகம், இணைப்பு வாய்கள் ஆகிய யாவும் ஒரே பலகையில் அமைந்திருக்கும். சீட்டுக்கட்டு ஒன்றின் அகல நீளமே இருக்கும். கடைக்காரர் சிலர் ஆர்டுவினோ ஊனோ ஆர்3 என்னும் பலகையை எடுத்து நீட்டுவர். அதுவும் நல்ல பலகையே. விளக்கை எரிய விடவும், மோட்டாரைச் சுழற்றவும் அதைப்போல் எளியது வேறில்லை. ஆனால் அதன் செயலியில் இருக்கும் நினைவகம் 2 கிலோபைட்டே. லினக்ஸுக்கோ சில மெகாபைட்டுகளாவது வேண்டும். லினக்ஸ் கற்க விரும்பும் பிள்ளைக்கு அதை வாங்கித் தருவது, தையல் கற்க விரும்பும் பெண்ணுக்கு ஊசியை மட்டும் தந்து தையல் யந்திரம் என்று கூறுவதை ஒக்கும்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். லினக்ஸைப் பயன்படுத்துவது வேறு. ஒரு கருவிக்குள் லினக்ஸை அமைப்பது வேறு. வண்டியில் ஏறிப் பயணம் செய்வதற்கு யாருக்கும் பயிற்சி வேண்டியதில்லை. வண்டியை நடத்துவதற்குத்தான் பயிற்சி வேண்டும். எம்பெடட் லினக்ஸ் என்பது வண்டியை நடத்தும் கல்வி. எந்தப் பலகையில் அந்த நடத்தை முழுவதையும் கண்ணால் பார்க்கவும், கையால் மாற்றவும் முடிகிறதோ, அந்தப் பலகையே தொடக்க மாணவனுக்கு ஏற்ற பலகை. நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒரு கருத்தே.

நிலையத்திலிருந்து ஒரு வண்டி புறப்படுவதை நினைத்துப் பாருங்கள். பாயிண்ட்ஸ்மேன், ஸ்டேஷன் மாஸ்டர், கார்டு, ஓட்டுநர் என்று ஒருவர் தம் வேலையை முடித்து அடுத்தவரிடம் ஒப்படைக்கிறார். கார்டுக்கு 2022ஆம் ஆண்டில் டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றினார்கள். ஆயினும் நமக்கு அவர் கார்டுதான். பலகையிலும் இவ்வாறே. மின்சாரம் பாய்ந்தவுடன், செயலிக்குள்ளேயே அழியாமல் பதிக்கப்பட்டுள்ள ரோம் நிரல் முதலில் விழிக்கிறது. அது ஒரு சிறு துவக்க நிரலைத் தேடி எடுத்து ஓட விடுகிறது. அச்சிறு நிரல் பெரிய நினைவகத்தை ஆயத்தம் செய்து, யு-பூட் போன்ற பூட்லோடரை அழைக்கிறது. பூட்லோடர், கெர்னலையும் டிவைஸ் டிரீ என்னும் பட்டியலையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. கெர்னல் விழித்தெழுந்து, தன் கோப்புத் தொகுதியை இணைத்துக்கொண்டு, இனிட் என்னும் முதல் நிரலைத் தொடங்குகிறது. வண்டி புறப்பட்டுவிட்டது!

டிவைஸ் டிரீ என்றேனே, அது யாது? புதிய பகுதியில் வண்டியை ஓட்டப் போகும் ஓட்டுநர், முன்னதாக அப்பாதையில் சென்று, எங்கே சிக்னல், எங்கே ஏற்றம், எங்கே வளைவு என்று பழகிக்கொள்ள வேண்டும் என்பது இங்குள்ளோர் அனைவரும் அறிந்த விதி. கெர்னலுக்கும் அப்படியே. இந்தப் பலகையில் எந்த உறுப்பு எந்த முகவரியில் இருக்கிறது, எந்த விளக்கு எந்தக் காலோடு இணைந்திருக்கிறது என்பவற்றை எழுதித் தரும் பட்டியலே டிவைஸ் டிரீ. அதைப் படிக்கவும் எழுதவும் தெரிந்தவனுக்குப் பாதி வித்தை கைவந்தது எனலாம்.

ஆகவே பலகை வாங்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். செயலியின் கையேடும் பலகையின் மின்சுற்று வரைபடமும் எவரும் படிக்கும்படி வெளியிடப்பட்டுள்ளனவா? துவக்கத்தின் படிகளை மாணவனே தன் நிரலால் மாற்ற முடியுமா? அப்பலகைக்கு வேண்டிய நிரல்கள், லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிடும் பொதுக் கெர்னலிலேயே சேர்க்கப்பட்டுள்ளனவா? இம்மூன்றுக்கும் ஆம் என்று விடை வந்தால் மட்டுமே, செயலியின் வேகத்தையும் நினைவகத்தின் அளவையும் விசாரிக்கலாம்.

நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். காலனியில் ஒரு மாணவன், எட்டுக் கருக்கள் கொண்ட செயலியும் மிகுந்த நினைவகமும் உள்ள ஒரு பலகையை ஆவலோடு வாங்கினான். அதை ஆக்கிய நிறுவனம் ஒரே ஒரு பழைய கெர்னலையும், அதைச் சுற்றிக் கட்டிய தொகுதியையும் தந்துவிட்டு நின்றுவிட்டது. செயலிக்குக் கையேடு கிடைக்கவில்லை. புதிய கெர்னலை ஏற்றினால் திரை விழிக்கவில்லை. கேட்பதற்கு ஆளும் இல்லை. மூன்று மாதம் போராடிய பின், பலகை பீரோவுக்குள் சென்றது. பையன் தனக்கு அறிவு போதாது என்று நினைத்துக்கொண்டான். குறை அறிவில் இல்லை. வழிகாட்டிப் பலகைகள் இல்லாத பாதையில் அவன் அனுப்பப்பட்டான். ஷண்டிங் பழக வந்தவனுக்கு எக்ஸ்பிரஸ் இன்ஜினைத் தந்து, அதன் கதவையும் பூட்டிவிட்டது போன்ற கதை அது.

இப்போது எல்லோரும் அறிந்த ராஸ்பெரி பையைப் பார்ப்போம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், பள்ளிப் பிள்ளைகள் நிரல் எழுதக் கற்க வேண்டும் என்னும் நோக்கத்தோடு எபன் அப்டனும் அவர் நண்பர்களும் தொடங்கிய முயற்சி இது. முதற் பலகை 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள், 35 டாலர் விலையில் வெளிவந்தது. உலகில் இதைப்போல் மிகுந்த நண்பர்களைப் பெற்ற பலகை வேறில்லை. ஒரு சிக்கல் தோன்றினால், அதை முன்னரே சந்தித்துத் தீர்த்தவர் ஒருவர் எங்கேனும் இருப்பார். கணிப்பொறியைப் பழகவும், பைத்தான் மொழி கற்கவும், இப்பலகையை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

எனினும் எம்பெடட் லினக்ஸ் கற்பவனுக்கு இதில் ஒரு குறை உண்டு. இப்பலகையின் துவக்கத்தை நடத்துவது, அதை ஆக்கியோர் தரும் மூடிய நிரல். அதன் மூலநிரலை அவர்கள் வெளியிடவில்லை. வெளிவரும் மின்சுற்று வரைபடமும் சுருக்கப்பட்டதே. எனவே வண்டி புறப்படும் காட்சியின் முதற் பாதி திரைக்குப் பின்னே நடந்து முடிந்துவிடுகிறது. மாணவன் மறுபாதியையே காண்கிறான்.

இக்குறை இல்லாத பலகை பீகிள்போன் பிளாக். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜேசன் கிரிட்னர், ஜெரால்டு கோலி ஆகிய இருவரும் தொடங்கிய பீகிள்போர்டு குழு, 2013ஆம் ஆண்டு ஏப்ரலில் இதை 45 டாலர் விலையில் வெளியிட்டது. 1 கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஒற்றைக் கரு. 512 மெகாபைட் நினைவகம். இன்றைய கைப்பேசிகளோடு ஒப்பிட்டால் இது தாத்தா காலத்து யந்திரம். வைஃபை கூட இதில் இல்லை. ஆயினும் இதன் மின்சுற்று வரைபடம் முழுமையாக வெளியிடப்பட்டுள்ளது. இதன் ஏஎம்335எக்ஸ் செயலிக்கு 4,000 பக்கங்களுக்கு மேற்பட்ட கையேடு, எவரும் இறக்கிக்கொள்ளும்படி இருக்கிறது. ரோம் நிரலுக்கு அடுத்த படியிலிருந்து யாவற்றையும் மாணவனே தன் கையால் ஆக்கி ஏற்றலாம். பொதுக் கெர்னலில் இப்பலகைக்கு நெடுங்காலமாக இடம் உண்டு.

பெற்றோர் மனம் குளிரும் செய்தி ஒன்றும் உண்டு. பிள்ளை தவறான நிரலை ஏற்றி, பலகையிலுள்ள சேமிப்பகத்தையே குழப்பிவிட்டாலும் பலகை செத்துவிடாது. நல்ல நிரல் எழுதிய மெமரி கார்டைச் செருகி, எஸ்2 என்று குறித்த பொத்தானை அழுத்திக்கொண்டு மின்சாரம் கொடுத்தால், ரோம் நிரல் அந்தக் கார்டிலிருந்து துவக்கிவிடும். அஞ்சாமல் தவறு செய்ய இடம் தருவது கல்விக்கு இன்றியமையாதது அல்லவா?

பாடநூல்களும் இப்பலகைக்குத் துணை நிற்கின்றன. கிறிஸ் சிம்மண்ட்ஸ் 2015ஆம் ஆண்டில் எழுதிய "மாஸ்டரிங் எம்பெடட் லினக்ஸ் புரோகிராமிங்" என்னும் நூல் இப்பலகையை வைத்தே பாடங்களை நடத்துகிறது. பிரான்ஸ் நாட்டின் பூட்லின் நிறுவனம் தன் பயிற்சிப் பாடங்களை எவரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறது. அவற்றிலும் இப்பலகைக்குரிய செய்முறைகள் உள்ளன.

"புதிய பலகை வேண்டாமா?" என்று இளைஞர் கேட்கலாம். அதே குழு 2023ஆம் ஆண்டில் பீகிள்பிளே என்னும் பலகையை வெளியிட்டது. நான்கு கருக்கள், 2 கிகாபைட் நினைவகம், வைஃபை யாவும் அதில் உண்டு. நல்ல பலகையே, ஆனால் அதன் துவக்கத்தில் இடைப்படிகள் மிகுதி. முதற் பாடத்துக்குப் பழைய பலகையே எளியது. மற்றொன்றும் கூற வேண்டும். வீட்டில் ஏற்கெனவே ராஸ்பெரி பை இருந்தால், வேறொன்றை வாங்கப் பணம் செலவிடாதீர்கள். கெர்னலைத் தொகுக்கவும், டிவைஸ் டிரீ எழுதவும், டிரைவர் எழுதவும் அது தாராளமாகப் போதும். கையிலுள்ள பலகையை விட்டுவிட்டுக் கடையிலுள்ள பலகையை நோக்கி ஏங்குவது கல்வி ஆகாது.

எந்தப் பலகையையும் வாங்கும் முன்னர், ஒரு மாதம் காசின்றியே பயிலலாம் என்பதையும் கூறிவிடுகிறேன். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சிமுலேட்டர் என்னும் போலி இன்ஜின் இருப்பதை அறிவீர்கள். அதுபோல், ஃபேப்ரிஸ் பெல்லார்டு 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட கெமு என்னும் நிரல், வீட்டுக் கணிப்பொறிக்குள்ளேயே ஒரு போலிப் பலகையைப் படைத்துத் தருகிறது. அதில் கெர்னலைத் தொகுத்து ஓட விடலாம். ஒரு மாதம் அதில் ஊக்கத்தோடு உழைத்த பிள்ளைக்குத் தயங்காமல் பலகை வாங்கித் தாருங்கள். ஒரு வாரத்தில் சலித்துவிட்டதா? உங்கள் போனஸ் பிழைத்தது.

பலகையோடு தவறாமல் வாங்க வேண்டிய பொருள் ஒன்று உண்டு. அது 3.3 வோல்ட்டுக்குரிய யுஎஸ்பி சீரியல் கேபிள். இதன் அருமையைப் பலர் உணர்வதில்லை. திரை விழிக்கும் முன்னரே பலகை பேசத் தொடங்கிவிடும். அப்பேச்சைக் கேட்கும் செவி இக்கேபிள்தான். பீகிள்போனில் ஜே1 என்று குறித்த ஆறு கால்களில், 1ஆம் கால் தரை, 4ஆம் கால் பலகை கேட்பது, 5ஆம் கால் பலகை பேசுவது. ராஸ்பெரி பையின் 40 கால்களில் 6ஆவது தரை, 8ஆவது பேசுவது, 10ஆவது கேட்பது. கேபிளின் பேசும் கம்பியைப் பலகையின் கேட்கும் காலில் இணைக்க வேண்டும். வேகம் 115200 என்று அமைக்க வேண்டும். 5 வோல்ட் கேபிளை இக்கால்களில் இணைத்தால் பலகை பழுதாகக்கூடும். இதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். இதனுடன் ஒரு நல்ல மெமரி கார்டும், பலகைக்குரிய மின்வழங்கியும் போதும்.

பயிலும் வரிசையையும் சுருக்கமாகக் கூறுகிறேன். முதல் நாள், கேபிளை இணைத்து, பலகை விழித்தெழும்போது எழுதும் வரிகளைப் படியுங்கள். ஒவ்வொரு வரியும் எந்தப் படியிலிருந்து வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் யு-பூட்டை நீங்களே தொகுத்து ஏற்றுங்கள். அடுத்து கெர்னலைத் தொகுங்கள். சிறு பலகையில் இதைச் செய்தால் பொழுது விடிந்துவிடும். வீட்டு அடுப்பில் சமைத்துத் தூக்குச் சட்டியில் அலுவலகத்துக்கு எடுத்துச் செல்வதுபோல, பெரிய கணிப்பொறியில் தொகுத்துச் சிறிய பலகைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். இதற்குக் கிராஸ் கம்பைல் என்று பெயர். பின்னர் பிஸிபாக்ஸ் என்னும் சிறு நிரலைக் கொண்டு கோப்புத் தொகுதியை உங்கள் கையாலேயே கட்டுங்கள். பலகையிலுள்ள நான்கு சிறு விளக்குகளுள் ஒன்றை, டிவைஸ் டிரீயில் இரண்டொரு வரிகளை மாற்றி, உங்கள் விருப்பப்படி மினுக்கச் செய்யுங்கள். இவ்வளவும் கையால் செய்த பிறகே, இவற்றை ஒரே கட்டளையில் செய்து தரும் பில்ட்ரூட்டுக்கும், அதன் பின்னர் யோக்டோவுக்கும் செல்லுங்கள். கூட்டலும் பெருக்கலும் தெரிந்த பின்பு கால்குலேட்டரைத் தொடுவதுதானே முறை!

இவ்வாறு கற்றவனுக்குப் பலகை மாறினாலும் கல்வி மாறாது. 2021 முதல் 2023 வரை சில்லுத் தட்டுப்பாட்டினால் ராஸ்பெரி பை கடைகளில் கிடைப்பதே அரிதாயிற்று. பலகையின் பெயரை மட்டும் கற்றவர்கள் காத்துக் கிடந்தனர். முறையைக் கற்றவர்கள் கிடைத்த பலகையை எடுத்து வேலையைத் தொடர்ந்தனர். சொந்த ஊரை விட்டு வந்து, மாற்றல் உத்தரவு காட்டிய இடமெல்லாம் குடியேறி வாழ்ந்த நமக்கு, எங்கும் உடன் வரும் கல்வியின் மதிப்பை யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இறுதியாக, சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். பலகை ஒன்றை ஒரு பிள்ளை நாள் முழுவதும் பயன்படுத்துவதில்லை. வீட்டுக்கு ஒன்று வாங்குவதற்கு மாறாக, சங்க நூலகத்துக்கு இரண்டு பலகைகள், இரண்டு சீரியல் கேபிள்கள், நான்கு மெமரி கார்டுகள் வாங்கி வைப்போம். நூலைப் போலவே அவற்றையும் பதினைந்து நாள்களுக்கு இரவல் தருவோம். திருப்பித் தரும் பிள்ளை, தான் செய்ததையும் தான் சந்தித்த தடையையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதி வைக்கட்டும். அடுத்த பிள்ளை அந்த இடத்திலிருந்து தொடங்குவாள். கெர்னலை எழுதியோர் தம் மூலநிரலைப் பூட்டி வைக்காமல் உலகுக்கு வழங்கியதனால்தான் நாம் இன்று கற்கிறோம். அவ்வுதவிக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு, நாம் கற்றதை நம் மொழியில் அடுத்தவருக்கு எழுதி வைப்பதே. அந்நோட்டுப் புத்தகத்தின் முதற் பக்கங்களை எழுதித் தர நான் காத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பிள்ளைகளோடு அமர்ந்து கற்கவும் காத்திருக்கிறேன். செயற்குழு இவ்விண்ணப்பத்தை அன்புடன் ஆராயுமாறு கேட்டுக்கொள்கிறேன்.